மூன்றாவது ராஜா ஏறிய மலை

என் மனைவி ரெஜினா கிறிஸ்மஸ் குடிலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருக்கிறாள். கையில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு தகரப் பெட்டி. அதிலிருந்து ஒரு ஒயர் போகிறது. ஒயரின் மறுமுனையில், குடில் மலையின் அடிவாரத்தில், மஞ்சள் பெயின்ட் அடித்த பொம்மை புல்டோசர். அதன் முதுகில் வெள்ளை நூலால் கட்டி வைத்த மூன்றாவது ராஜா. அவள் பொத்தானை அமுக்குகிறாள். உள்ளே மோட்டார் இரைகிறது. வண்டி நகரவில்லை. ராஜா மட்டும் லேசாக நடுங்குகிறார்.

“ஏறு ராசா... கொஞ்சம் ஏறுப்பா...” என்று அவள் கெஞ்சுகிறாள்.

இத்தனை வருஷம் ஆகியும் அந்த இரைச்சலும் அந்தக் கெஞ்சலும் என் காதில் ஒன்றாகத்தான் கேட்கின்றன.

போன வாரம் எங்கள் ராயபுரத்து வீட்டுக் குடிலைப் பற்றிப் இந்தப் பத்தியில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். மாதவரத்திலிருந்து ஒரு வாசகி, “ஏசு பிறந்த குடிலில் புல்டோசருக்கு என்ன வேலை?” என்று கேட்டிருக்கிறார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்கிற சாக்கில் என் மச்சான் லாசரைப் பற்றி எழுதிவிடுகிறேன். இதுவரை எழுதக் கை வரவில்லை.

கரிக்கட்டி மலை

எங்கள் பக்கத்தில் குடிலுக்கு மலை செய்ய, பழைய சாக்கை மாவுப் பசையில் முக்கி மடித்து நிறுத்துவார்கள். என் வீட்டில் அப்படியில்லை. நிஜ மலை. ராயபுரம் ஸ்டேஷன் யார்டில் நீராவி எஞ்சின்கள் கொட்டிவிட்டுப் போகும் கரிக்கட்டிகளைப் பொறுக்கி வருவேன். எரிந்து உருகி இறுகிய கட்டிகள். சில இடம் கண்ணாடி மாதிரி மினுக்கும், சில இடம் கையைக் கிழிக்கும். அவற்றை அடுக்கினால் அச்சு அசல் பாறை. உச்சியில் மாட்டுத் தொழுவம், வைக்கோல், குழந்தை, மாதா, சூசையப்பர்.

மூன்று ராஜாக்களைக் கிறிஸ்மஸ் அன்றே தொழுவத்தில் வைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அவர்கள் குழந்தையைக் கும்பிடத் தூரதேசத்திலிருந்து வருகிறவர்கள். முதல் நாள் வாசற்படி ஓரம் நிற்பார்கள். தினமும் ஜெபம் முடிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவோம். ஜனவரி ஆறாம் தேதி, ராஜாக்கள் திருநாள் அன்று சாயங்காலம்தான் குழந்தையின் காலடிக்குப் போய்ச் சேருவார்கள்.

நான் அப்போது துறைமுகத்தில் கிரேன்களுக்கு எண்ணெய் விடுகிற வேலையில் இருந்தேன். காலையில் எண்ணெய்க் குப்பியோடு ஏறினால், பல்சக்கரம், சங்கிலி, கப்பி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து இறங்கப் பொழுது சாயும். என்ன சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. கோயிலில் நற்கருணை அப்பம் வாங்கப் போகும்போது கையைக் கூப்பி விரலை மடக்கிக்கொள்வேன்.

கப்பல்கார மச்சான்

லாசர் ரெஜினாவுக்கு அண்ணன். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, காசிமேட்டுக் கல்லறையில் அவர்களை ஒரே குழியில் வைத்துவிட்டு, தங்கையைத் தூக்கி வளர்த்தவன். பிறகு சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனான். எங்களுக்கு அப்போது பிள்ளைகள் பிறக்கவில்லை. அவனுக்கும் கல்யாணம் ஆகவில்லை. கரைக்கு வந்தால் எங்கள் வீடுதான் அவனுக்கு வீடு.

ஒரு தடவை ஜப்பானிலிருந்து அந்த புல்டோசரைக் கொண்டுவந்தான். தகர உடம்பு, இரண்டு பக்கமும் ரப்பர் பட்டை, ஒயர் வைத்த பொத்தான் பெட்டி. பெட்டிக்குள் பேட்டரி போட்டு அமுக்கினால் தரையில் கிடக்கிற செருப்பின்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கும்.

“கொயந்த இல்லாத வூட்டுக்கு இது எதுக்கு அண்ணாத்த?” என்றாள் ரெஜினா.

“ஏன், குடில்ல ஒரு கொயந்த கீது இல்ல? அதுக்குத்தான்,” என்றான். மூன்றாவது ராஜாவை எடுத்து வண்டியின்மேல் வைத்து நூலால் கட்டினான். “இன்னா மாப்ளே பாக்குற? ஒட்டகத்துல வந்தா இவரு எப்ப வந்து சேர்றது? இவரு கப்பல்ல வந்து எறங்குன ராஜா. ஹார்பர் வண்டிலதான் வருவாரு.”

“வேதத்தையே கிண்டல் பண்றியே, அடுக்குமா?” என்றேன்.

“வேதத்துல ஒட்டகம்னு எயுதிகீதா? சாமியாரைக் கேளு.”

கேட்டேன். சாமியார் சிரித்துவிட்டு, ராஜாக்கள் எதில் வந்தார்கள் என்று வேதத்தில் சொல்லவில்லை என்றார். அந்தச் சாயங்காலம் லாசர் பொத்தானை அமுக்க, மூன்றாவது ராஜா கரிக்கட்டிப் பாறைமேல் முன்னும் பின்னும் ஆடி ஆடி ஏறிப்போனார். தெருப் பிள்ளைகள் கதவை உடைக்காத குறை.

கை படக்கூடாது

அடுத்த வருஷம் மழை மாதத்தில் லாசரின் கப்பல் புறப்பட்டுப் போனது. நடுக்கடலில் புயல் என்று பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கப்பலைப் பற்றித் தகவல் இல்லை. கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் போய் நின்றால், “வந்தா சொல்லி அனுப்புறோம்” என்பார்கள். போகப் போக, எங்களைப் பார்த்ததுமே அங்கிருந்த குமாஸ்தா இல்லை என்று தலையை ஆட்டிவிடுவார்.

கிறிஸ்மஸ் வந்தது. புதுத் துணி எடுக்கவில்லை, பலகாரம் செய்யவில்லை. குடில் மட்டும் வைத்தோம். ரெஜினாதான் அந்த புல்டோசரைப் பரணிலிருந்து இறக்கினாள். ராஜாவைக் கட்டினாள். மாதா படத்துக்கு முன்னால் நின்று வாய்விட்டு நேர்ந்துகொண்டாள்:

“மாதாவே, இந்த ராஜா தானா மலையேறி உன் காலடிக்கு வந்துட்டா, எங்கண்ணன் உசுரோட வந்துடுவான்னு நெனச்சுக்குவேன். யாரு கையும் படக்கூடாது.”

ஆண்டவரிடம் இப்படி அடையாளம் கேட்கக்கூடாது என்று சொல்லிப் பார்த்தேன்.

“கேக்காம வேற இன்னா பண்ணச் சொல்றீங்க? ஆபீஸ்லதான் கேட்டாச்சே,” என்றாள்.

பொத்தானை அமுக்கினாள். சமதரையில் வண்டி ஓடியது. மலையடிக்கு வந்ததும் மோட்டார் இரைந்தது. ஏறவில்லை.

எங்கே வழுக்குகிறது?

பேட்டரி தீர்ந்திருக்கும் என்று புதிது போட்டேன். இரைச்சல் கூடியது, ஏற்றம் இல்லை. வண்டியைத் திருப்பிப் பார்த்தால் அச்சில் வைக்கோலும் தலைமுடியும் சுற்றிக்கொண்டு கிடந்தன. ஊக்கு வைத்து ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தேன். முதல் பாறையில் ஏறியது. அடுத்த வளைவில் நின்றுவிட்டது.

ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின நாள் காதர் பாய் வந்தார். நான் எண்ணெய் விடுகிற கிரேனை ஓட்டுகிறவர். லாசருக்கு அவர் தோஸ்து. இருவருக்கும் மாலை டீ ஒன்றாகத்தான்.

“இன்னா அந்தோணி, கிரேனுக்கே வைத்தியம் பாக்குற ஆளு, பொம்ம வண்டியாண்ட பேஜாரு பட்டுகினு கீற?”

“மோட்டார் சுத்துது பாய். இஸ்துகினு போவ மாட்டேங்குது.”

“அப்ப நடுவுல எங்கியோ டபாய்க்குது. எங்கன்னு கண்டுபுடி. சாக்பீஸ் கீதா?”

ரப்பர் பட்டையில் ஒரு கோடு, அதைச் சுற்ற வைக்கிற சக்கரத்தில் அதற்கு நேராக ஒரு கோடு போட்டோம். வண்டியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ரெஜினாவைப் பொத்தானை அமுக்கச் சொன்னோம். இரண்டு கோடும் விலகாமல் அப்படியே நின்றன. அப்படியானால் வழுக்குவது பட்டை இல்லை.

மேல்தகட்டைக் கழற்றினோம். உள்ளே சின்னச் சின்னப் பல்சக்கரங்கள். கடைசிப் பெரிய பல்சக்கரத்தில் ஒரு புள்ளி, அது உட்கார்ந்திருக்கிற அச்சில் ஒரு புள்ளி வைத்தோம். இப்போது அமுக்கினால், பல்சக்கரத்துப் புள்ளி சுற்றிச் சுற்றி வருகிறது. அச்சுப் புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

“மாட்டிகிச்சு!” என்றார் காதர் பாய்.

கிரேன் வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்கும் சொல்கிறேன். அந்தப் பல்சக்கரத்தை அச்சோடு ஆணி அடித்துச் சேர்க்கவில்லை. நடுவில் கம்பளியில் செய்த ஒரு சின்ன வளையம். ஒரு ஸ்பிரிங் அதை அழுத்திப் பிடித்திருக்கிறது. அந்தப் பிடிப்பில்தான் அச்சு சுற்றவேண்டும். வண்டி எங்காவது முட்டிக்கொண்டால் மோட்டார் எரிந்துபோகாமல் இருக்க, பல்சக்கரம் மட்டும் வழுக்கிக் கொடுக்கும். பிடிப்பு குறைந்துபோனால் எப்போதுமே வழுக்கும்.

நான் அந்த வளையத்தை ஊக்கு முனையில் எடுத்தேன். சொதசொதவென்று இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். மெஷின் எண்ணெய் வாசனை எனக்குத் தூக்கத்திலும் தெரியும். இது அது இல்லை. தேங்காய் எண்ணெய், அதில் கொஞ்சம் மெழுகுவத்தி வாசனை, கொஞ்சம் வாடின மல்லிகை.

நான் தலை தூக்குவதற்குள் ரெஜினாவின் முகம் மாறிவிட்டது.

மாதா எண்ணெய்

“நான்தான் வுட்டேன்,” என்றாள். “தெனமும் ஜெபம் சொல்லிட்டு, தகட்டு சந்து வழியா ஒரு சொட்டு. மந்திரிச்ச எண்ணெய். ஏறட்டும்னுதான்...”

திருத்தலத்திலிருந்து கொண்டுவரும் எண்ணெய் எங்கள் வீடுகளில் எல்லாவற்றுக்கும் உண்டு. தலைவலிக்கு நெற்றியில், பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்குக் கையில், கடலுக்குப் போகும் கட்டுமரத்தின் முனையில். லாசர் புறப்பட்ட அன்றும் அவன் நெற்றியில் அதே குப்பியிலிருந்து சிலுவை போட்டு அனுப்பியவள் அவள்தான்.

“அப்ப என் ஜெபந்தான் தடுத்துகினு இருந்துச்சா?” என்று கேட்டாள். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அழாமல் கேட்டாள்.

காதர் பாய்தான் பேசினார்.

“எங்க வூட்லயும் தர்கா எண்ணெய் கீது தங்கச்சி. கொயந்த தலைல தேய்ப்போம், கால் வலிக்குத் தேய்ப்போம். அதுக்காவ கிரேன் பிரேக்குல ஊத்துவமா? ஊத்துனா நாளைக்கு உன் வூட்டுக்காரன் தலைமேல மூட்டை வுயும். எண்ணெய் நல்ல எண்ணெய்தான். அது போன ரூட்டு தப்பு.”

அவள் சிரித்தாள். எத்தனையோ வாரம் கழித்து அன்றுதான்.

நான் மண்ணெண்ணெயில் கழுவலாம் என்று குப்பியை எடுத்தேன். அவள் விடவில்லை. மந்திரித்த பொருளைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது, குப்பையில் போடக்கூடாது. ஒன்று எரிக்கவேண்டும், இல்லை கால் படாத இடத்தில் புதைக்கவேண்டும். பஞ்சைக் கிழித்து அவளே ஒவ்வொரு பல்லாகத் துடைத்தாள். துடைத்த பஞ்சையும் அந்தக் கம்பளி வளையத்தையும் மாதா மாடத்து விளக்கில் காட்டி எரித்தாள். பற்களின்மேல் கொஞ்சம் முகப்பவுடர் தூவி, மிச்ச ஈரத்தை எடுத்தாள்.

தொப்பி

“புதுசா ஒரு வளையம் வெட்டணும்,” என்றார் காதர் பாய். “தடிச்ச கம்பளியா எதுனா கீதா?”

மெட்ராஸில் கம்பளிக்கு எங்கே போவது? நாங்கள் இருவரும் யோசித்துக்கொண்டிருந்தோம். ரெஜினா யோசிக்கவில்லை. எழுந்து போனாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் லாசரின் பழைய கப்பல் தொப்பி தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்புக் கம்பளி. “புச்சு வாங்கிகினேன், இத்த மாட்டி வை, வந்து எட்த்துக்குறேன்” என்று விட்டுப்போனது. அதையும் கத்தரிக்கோலையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

நான் தொடவில்லை. காணாமல் போனவனின் துணியில் கத்தரி வைப்பதா?

“ரெஜினா, மச்சான் வந்து தொப்பி எங்கன்னு கேட்டா?”

“வந்து கேக்கட்டும்,” என்றாள். “அதுக்குத்தானே இவ்ளோவும்.”

வெட்டினேன். முதலில் வெட்டியது தடிமனாகப் போய்விட்டது. ஸ்பிரிங் அழுத்தி மோட்டாரே சுற்றாமல் முனகியது. இரண்டாவது வளையத்தை மெல்லிசாகச் சீவி வைத்தேன். காதர் பாய் தகட்டை மூடி, தன் சட்டையில் வண்டியைத் துடைத்துக் கொடுத்தார்.

மறுநாள் ராஜாக்கள் திருநாள். ஜெபமாலை முடிந்தது. முதல் இரண்டு ராஜாக்களை நான் எடுத்துத் தொழுவத்தில் வைத்தேன். ரெஜினா பொத்தானை அமுக்கினாள்.

வண்டி மலையடிக்கு வந்தது. மூக்கைத் தூக்கியது. கரிக்கட்டி நறநறவென்றது. முதல் பாறை, வளைவு. வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, ராஜாவின் கிரீடம் சுவரில் உரசியது, வேடிக்கை பார்க்க வந்த தெருப் பிள்ளைகள் “ஐயோ” என்றார்கள். பட்டை ஒரு கட்டியைப் பற்றிக்கொண்டது. பிறகு நிற்கவேயில்லை. குழந்தையின் காலடி வைக்கோலில் மூக்கை இடித்துத்தான் நின்றது.

தெருவே கை தட்டியது. ரெஜினா முழந்தாள் போட்டு நெற்றியைத் தரையில் வைத்தாள். “வந்துடுவான்,” என்றாள். காதர் பாய் என்னைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அணைத்த மெழுகுவத்தி

லாசர் வரவில்லை.

தவக்காலம் போயிற்று, ஈஸ்டர் போயிற்று. கப்பல் முழுகிவிட்டது, ஆள் யாரும் மிஞ்சவில்லை என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். சாமியார் வீட்டுக்கே வந்து, ஆன்மாவுக்கு ஒரு பூசை வைக்கலாமா என்று கேட்டார்.

“உசுரோட கீறவனுக்கு யாராவது துக்கப் பூசை வைப்பாங்களா சாமி? ராஜா தானாதானே ஏறினாரு?” என்றாள் ரெஜினா.

கல்லறைத் திருநாளில் தாய் தகப்பன் கல்லறையில் மெழுகுவத்தி கொளுத்துவாள். ஒரு வருஷம் உறவுக்காரப் பெண் ஒருத்தி, பாவம், லாசருக்கும் சேர்த்து ஒன்று கொளுத்தி வைத்தாள். ரெஜினா ஒன்றும் பேசாமல் குனிந்து, அந்தச் சுடரை இரண்டு விரலால் நசுக்கி அணைத்தாள்.

பிள்ளைகள் பிறந்தார்கள். மாமாவின் தொப்பியைத் தொடக்கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். மாதத்துக்கு ஒருமுறை அதைத் துவைத்து வெயிலில் போடுவாள். வெட்டின ஓட்டையைப் பார்த்து, “வந்ததும் என்னத்தான் அடிப்பான்” என்று சொல்லிக்கொள்வாள். ஒவ்வொரு ராஜாக்கள் திருநாளும் புல்டோசர் ஏறியது. ஒவ்வொரு வருஷமும் அவள் வாசலைப் பார்த்தாள்.

அன்று அது ஏறாமல் நின்றிருந்தால், அவள் அன்றைக்கே அழுது முடித்திருப்பாளோ? இதை நான் ஆண்டவரிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். திவ்விய நற்கருணைக்கு முன்னால் மண்டியிட்டுக் கேட்டிருக்கிறேன். பதில் கிடைத்ததாகச் சொல்லமாட்டேன். என் கண்முன் ஒரு பல்சக்கரம் வழுக்கினால் அதைச் சரி செய்யாமல் விட எனக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

பாதி வழியில்

எங்கள் பெரிய மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு வந்த ஒரு திருநாள். வண்டி வழக்கம்போல ஏறியது. வளைவில் நின்றது. மோட்டார் இரைந்தது. ராஜா லேசாக நடுங்கினார்.

நான் ஊக்கைத் தேடி எழுந்தேன்.

“வுடுங்க,” என்றாள் ரெஜினா.

“வளையம்தான் தேஞ்சிருக்கும். ஒரு நிமிஷம்...”

“வேணாங்க. அது எத்தினி வாட்டிதான் ஏறும்.”

பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். துறைமுகத்தில் ஏதோ கப்பல் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. அவள் தலை திரும்பவில்லை. பிறகுதான் அழுதாள். பிள்ளைகள் பயந்து என் மடியில் ஏறிக்கொண்டார்கள். வருஷக்கணக்காக உள்ளே வைத்திருந்ததை அன்றைக்கு அழுதாள்.

மறுநாள் காலையில் அவளே சாமியாரிடம் போய்ப் பூசைக்கு லாசரின் பெயரைச் சொன்னாள்.

நான் வண்டியைத் திறந்தேன். வளையம் என்று ஒன்று இல்லை. அச்சைச் சுற்றிக் கறுப்பாகக் கொஞ்சம் கம்பளித் தூள். கொட்டப் போன என்னை ரெஜினா தடுத்து, அதைத் தொப்பிக்குள்ளேயே தட்டச் சொன்னாள். பூசை முடிந்து காசிமேட்டுக் கல்லறைக்குப் போனோம். காதர் பாயும் வந்தார். தாய் தகப்பன் தலைமாட்டில் கையளவு குழி பறித்தோம். உடம்பு கிடைக்காதவனுக்கு அந்தத் தொப்பியை வைத்து மூடினோம். சாமியார் தீர்த்தம் தெளித்தார். காதர் பாய் ஒரு பிடி மண் போட்டு, “தோஸ்து, பாத்துப் போ” என்றார். ரெஜினா மெழுகுவத்தி கொளுத்தினாள். கடற்காற்று அதை அணைக்கப் பார்த்தது. கையால் மறைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த கிறிஸ்மஸுக்குப் பரணிலிருந்து குடில் சாமான்களை இறக்கினோம். புல்டோசரை அவள் எடுக்கவில்லை. திருநாள் சாயங்காலம் மூன்றாவது ராஜாவை, பச்சைப் பிள்ளையைக் கையில் வாங்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கினாள்.

“இனிமே கை படலாம்,” என்று சொல்லி, குழந்தையின் காலடியில் வைத்தாள்.

இன்று ரெஜினாவும் கல்லறையில்தான் இருக்கிறாள், தாய் தகப்பனுக்கும் அண்ணனின் தொப்பிக்கும் பக்கத்தில். கரி எஞ்சின்கள் நின்றுபோய்விட்டதால் மலைக்குச் சாக்குதான். ராஜாவை நான்தான் எடுத்து வைக்கிறேன். அவர் முதுகில் லாசர் நூல் கட்டிய இடத்தில் பெயின்ட் தேய்ந்து ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. கண் சரியாகத் தெரிவதில்லை. ஆனாலும் தூக்கும்போதெல்லாம் என் கட்டைவிரல் தானாகவே அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.